குழலுக்கு அடியில் உள்ள எழுத்து: துப்பாக்கி முத்திரைகளும் நம் வரலாறும்

1

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே ஒரு கிராமம். ஊர்ப்பெயர் வேண்டாம். அங்கே ஒரு காரை வீட்டில் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. என் தாத்தா அந்த வீட்டுக்குப் பண்ணையாள். மலையடிவாரத்தில் பன்றி வேட்டை நடந்த காலத்தில் காடு கலைக்கப் போனவர். அந்தத் துப்பாக்கியைச் சுமந்திருக்கிறார், தோட்டாப் பையைச் சுமந்திருக்கிறார், பன்றியையும் சுமந்திருக்கிறார். ஒருநாளும் சுட்டதில்லை. ஆனால் அதைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் ஒரு பெருமை வந்துவிடும். "அது லண்டன் துப்பாக்கிலே. நாட்டு வெடி இல்ல, பாத்துக்கோ" என்பார்.

தாத்தா போய்ப் பல வருஷம் கழித்து, ஒரு தேர்தல் சமயம். உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. அந்த வீட்டுப் பையன் என்னோடு கல்லூரியில் படித்தவன். ஒப்படைப்பதற்கு முன் துடைத்து எண்ணெய் போட உட்கார்ந்திருந்தான். எனக்கு அப்போதுதான் அதைக் கையில் வாங்கிப் பார்க்க வாய்த்தது. இரண்டு குழல்களுக்கும் நடுவில் ஓடும் பட்டியில் ஆங்கிலத்தில் நான்கைந்து சொற்கள். அதில் 'லண்டன்' என்ற சொல் உண்மையாகவே இருந்தது. தாத்தா சொன்னது பொய்யில்லை என்று தோன்றியது. பிறகு முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைத் திருப்பினோம். மரத்துக்கு அடியில், வெளியே யாருக்கும் தெரியாத தட்டையான இடத்தில், கொசு அளவு எழுத்துகள். ஒரு நீள்வட்டம், அதற்குள் ஈ, எல், ஜி என்று மூன்று எழுத்து, மேலே ஒரு குட்டிக் கிரீடம்.

அது லண்டன் துப்பாக்கி இல்லை. பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துத் துப்பாக்கி. மேலே எழுதியிருந்த 'லண்டன்' ஊர்ப்பெயரே அல்ல, குழல் இரும்பின் முறுக்கு வகைக்கு வைத்த விற்பனைப் பெயர். ஆங்கிலேயத் துப்பாக்கிக்குக் கிராக்கி இருந்த சந்தைகளுக்காக லியேஜ் வியாபாரிகள் இப்படி ஆங்கில வாசனையுள்ள பெயர்களைப் பொறித்து அனுப்பினார்கள்.

அம்மாவிடம் வந்து சொன்னேன். "எந்த ஊர்ல செஞ்சா என்ன? அது எந்தப் பக்கம் திரும்பி இருந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியும்" என்றாள்.

இந்தக் கட்டுரை இந்த இரண்டு வாசிப்புகளுக்கும் இடையில் எழுதப்படுகிறது. எங்கே செய்தது என்பது ஒரு கேள்வி. எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் தேடாமல் இரண்டாவதை மட்டும் கேட்டால் அது வெறும் கோபம். இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் கேட்டால் அது பழம்பொருள் சேகரிப்பு.

2

துப்பாக்கிக் குழலில் இரண்டு விதமான எழுத்து இருக்கிறது. மேலே இருப்பது விற்கிறவனின் எழுத்து. அழகாக, வளைவுகளோடு, சில சமயம் தங்கம் பதித்து இருக்கும். சென்னை மவுண்ட் ரோட்டிலும் கல்கத்தாவிலும் கடை வைத்திருந்த வெள்ளைக்காரக் கம்பெனிகள் எங்கோ செய்த துப்பாக்கியில் தங்கள் பெயரைப் பொறித்து விற்றன. ஆகவே மேலே இருக்கும் பெயரை வைத்துப் பிறப்பிடம் சொல்ல முடியாது. கீழே, மரத்துக்கு அடியில் இருப்பது சோதனைச் சாலையின் எழுத்து. குழலில் வழக்கத்துக்கு மேல் மருந்து கெட்டித்து வெடித்துப் பார்ப்பார்கள். பிளக்காமல் தாங்கினால் முத்திரை விழும். அது வாங்குபவனைக் கவர வெட்டியது அல்ல.

லியேஜில் 1672இலேயே இந்தச் சோதனைக்கான ஆணை வந்துவிட்டது. அந்த ஊர் முத்திரைகளில் ஒன்று 'பெரோன்' என்ற தூண். நகரச் சதுக்கத்தில் நிற்கும் அந்தத் தூண் ஊரின் உரிமைகளுக்கு அடையாளம். 1467இல் பர்கண்டி பிரபு சார்லஸ் ஊரை அடக்கியபோது தண்டனையாக அந்தத் தூணையே பெயர்த்துக்கொண்டு போனான். பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் அது திரும்பி வந்தது. தங்கள் சுதந்திரத்தின் சின்னத்தைக் குழலில் குத்தி உலகம் முழுக்க விற்ற ஊர் அது. நீள்வட்டத்துக்கு மேல் கிரீடம் ஏறியது 1893இல். ஆகவே கிரீடம் இருந்தால் அதற்குப் பிந்தியது. புகையில்லா மருந்துக்கும் சோதித்ததென்றால் சிங்கத்தோடு பி.வி. என்ற எழுத்துகள் இருக்கும். அது இல்லாத பழைய குழலில் இன்றைய தோட்டாவைப் போட்டால் குழல் பிளக்கலாம், கை போகலாம்.

லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் குழுமத்துக்கு 1637இல் அரச பட்டயம் கிடைத்தது. கிரீடத்தின் கீழ் பின்னிக்கிடக்கும் ஜி.பி. என்ற எழுத்துகளும், கிரீடத்தின் கீழ் வி என்ற எழுத்தும் அவர்களுடையவை. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813இல் ஒரு நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்தது. குறுக்காகக் கிடக்கும் இரண்டு செங்கோல்கள், மேலே கிரீடம், இடைவெளிகளில் எழுத்துகள். 1904இல் அந்தச் செங்கோல்கள் போய், கிரீடத்தின் கீழ் பி.பி., பி.வி., என்.பி. என்ற எழுத்துகள் வந்தன. ஆகவே செங்கோல் இருந்தால் அந்த ஆண்டுக்கு முந்தியது.

எண்களும் பேசும். 12 போர் என்றால் என்ன? ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாகப் பிரித்தால் ஒரு உருண்டை எத்தனை பருமனோ அதுதான் குழலின் உள்விட்டம், ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும். ஆங்கிலக் குழலில் 13 என்று குத்தியிருந்தால் அது 12 போர் தோட்டாவுக்கான துப்பாக்கியாகவே இருக்கலாம், உள்ளே கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான். பெல்ஜியக்காரர்கள் இதையே மில்லிமீட்டரில் குத்தினார்கள். மில்லிமீட்டர் கண்ணில் பட்டதுமே இது இங்கிலாந்துக்காரன் வேலை இல்லை என்று சந்தேகப்படலாம்.

இதுவரை எல்லாம் நேராகப் போகிறது. இதற்கு மேல்தான் சிக்கல். லண்டன் முத்திரை இருந்தால் குழல் லண்டனில் பிறந்ததா? அப்படியும் சொல்ல முடியாது. லண்டன், பர்மிங்காம் தொழிலாளர்களே லியேஜ் பக்கத்துப் பள்ளத்தாக்குகளிலிருந்து முறுக்கிய குழல்களை வாங்கி வந்து, கடைந்து, பொருத்தி, தங்கள் ஊரில் சோதனைக்குக் கொடுத்திருக்கிறார்கள். முத்திரை சொல்வது, எங்கே சோதிக்கப்பட்டது என்பதை மட்டும்தான். அந்தக் குழலின் இரும்பு எங்கிருந்து வந்தது? ஆங்கிலக் குழல்களில் ஒரு வகை பழைய லாட ஆணிகளைச் சேர்த்து உருக்கி அடித்த இரும்பில் செய்தது. அந்த ஆணிகளையும் பிற நாடுகளிலிருந்து வாங்கினார்கள். குதிரைக் கால்களில் தேய்ந்த இரும்பு துரை கையில் துப்பாக்கியாயிற்று. 'மூலம்' என்று ஒன்றைத் தேடிப் போனால் கைக்குக் கிடைப்பது இன்னொரு பிரதிதான். இலக்கியப் பிரதிக்குச் சொன்னதை இரும்புக்கும் சொல்லலாம்.

3

இரும்பு என்றதும் நம் பக்கத்துக் கதை ஒன்று குறுக்கே வருகிறது. அந்தக் காலத்து உயர்ந்த குழல்களை 'டமாஸ்கஸ்' குழல் என்பார்கள். இரும்பு, எஃகு இரண்டையும் மாறிமாறி அடுக்கிச் சூடேற்றி, ஒன்றாக அடித்து, கம்பியாக்கி, கயிறுபோல் முறுக்கி, ஒரு உருளையின் மேல் சுற்றி மறுபடி அடிப்பது. அமிலம் பட்டதும் மேற்பரப்பில் அலை அலையாகக் கோலம் தெரியும். லியேஜ் பக்கத்து வீடுகளில் குடும்பம் குடும்பமாகச் செய்த கூலி வேலை அது.

இதற்கு ஏன் டமாஸ்கஸ் என்று பெயர்? டமாஸ்கஸ் வாளின் கோலத்தை இது ஞாபகப்படுத்தியதால். அந்த வாளின் புகழுக்குப் பின்னால் இருந்ததோ தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய எஃகு. ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்று எழுதிய சொல் கன்னட 'உக்கு', தமிழில் 'உருக்கு'. கொடுமணல் அகழாய்வில் உருக்கு உலைகளின் தடயம் கிடைத்திருக்கிறது. நம் உருக்கு மேற்கே போய் வாளாயிற்று. அந்த வாளின் தோற்றத்தைப் பார்த்து வேறு முறையில் செய்த குழல், வாளின் பெயரோடு இங்கே திரும்பி வந்து, லைசென்ஸ் உள்ளவருக்கு மட்டும் என்று விற்கப்பட்டது. "எல்லாம் நம்மகிட்டேருந்துதான் போச்சு" என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. உருக்கிய கைகளுக்கு எந்த முத்திரையும் கிடைக்கவில்லை, டமாஸ்கஸ் என்ற சந்தையின் பெயர் மட்டும் நின்றது என்பதற்காகச் சொல்கிறேன்.

சொற்களுக்கும் முத்திரை உண்டு. 'துப்பாக்கி' துருக்கியிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்தது. 'பீரங்கி' என்பது ஃபிரங்கி, அதாவது பரங்கியன். ஆளின் பெயரே ஆயுதத்துக்கு ஆகிவிட்டது. 'தோட்டா' வடக்கிலிருந்து வந்தது. 'வெடி', 'குழல்', 'மருந்து' மட்டும் நம்முடையவை. குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் பறவை பிடிக்க எடுப்பது கண்ணி, துப்பாக்கி இல்லை. அந்த நூல் எழுதப்பட்ட பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இந்த மலையடிவாரத்துப் பாளையங்களில் வெடி இருந்தது. ஆனால் குறவன் கையில் கவிராயர் கண்ணியைத்தான் கொடுக்கிறார். யார் கையில் எந்தக் கருவி என்பதை இலக்கியமும் ஒருவகையில் தீர்மானிக்கிறது.

4

திருநெல்வேலிச் சீமையில் துப்பாக்கியின் வரலாறு பறிமுதலின் வரலாறு. நெற்கட்டான்செவல், வாசுதேவநல்லூர், சிவகிரி, சொக்கம்பட்டி, ஊத்துமலை என்று இன்றைய தென்காசி மாவட்டம் முழுக்கப் பாளையங்கள். பாளையத்து வெடிகள் திரிவெடிகள். உள்ளூர்க் கொல்லர் செய்தவை. சோதனைச் சாலை முத்திரை ஏதும் இல்லாதவை. எதிரே நின்ற கம்பெனிச் சிப்பாயின் துப்பாக்கியில் முத்திரை இருந்தது. இதய வடிவம் ஒன்று, அதை நான்காகப் பிரித்துக் கம்பெனிப் பெயரின் எழுத்துகள். 1808க்குப் பிறகுதான் அது கிரீடம் ஏந்திய சிங்கமாக மாறியது. ஆக 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோதும், 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தபோதும் இங்கே வந்த கம்பெனித் துப்பாக்கிகள் இதயம் பொறித்த காலத்தவை.

1801 டிசம்பர் 1ஆம் தேதி கவர்னர் எட்வர்ட் கிளைவ் அறிவிப்பு வெளியிட்டான். பாளையக்காரர்கள் ஆயுதம் வைத்திருக்கக்கூடாது, கோட்டைகள் இடிக்கப்படும். 1803இல் அதே பாளையங்கள் ஜமீன்கள் ஆயின. படை வைத்திருந்தவர் வரி கட்டுபவர் ஆனார். இதற்கப்புறம்தான் வேட்டைத் துப்பாக்கி வருகிறது. திரிவெடியைப் பிடுங்கிய அதே கை, லைசென்ஸோடு இரட்டைக்குழலை நீட்டுகிறது. ஜமீன்தார் சுடலாம், பன்றியை, மிளாவை, துரை வந்தால் அவரோடு சேர்ந்து புலியை. குற்றாலம் வெள்ளை அதிகாரிகளின் சாரல் கால வாசஸ்தலமாக ஆனது இந்த அமைதிக்குப் பிறகுதான். தஞ்சாவூரிலும் இதே கதை வேறு மாதிரி. 1860களில் அரண்மனை ஆயுதக் கிடங்கைக் கலைத்தார்கள். பொறுக்கி எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின, மீதி உடைபட்டுப் பழைய இரும்பாகப் போனது.

1878 முக்கியமான வருஷம். லிட்டன் வைஸ்ராய். மார்ச் மாதம் இந்திய மொழிப் பத்திரிகைகளை அடக்கும் சட்டம் வந்தது. அதே ஆண்டில் ஆயுதச் சட்டம். எழுத்தும் துப்பாக்கியும் ஒரே ஆண்டில், ஒரே அரசால், ஒரே பயத்தில் கட்டப்பட்டன. பத்திரிகைச் சட்டத்தை சில ஆண்டுகளிலேயே ரிப்பன் காலத்தில் எடுத்துவிட்டார்கள். ஆயுதச் சட்டம் நின்றது. ஐரோப்பியருக்கு லைசென்ஸ் வேண்டாம் என்ற விலக்கு முதல் உலகப் போர் முடியும்வரை இருந்தது. துப்பாக்கியில் குத்திய முத்திரை இரும்பைச் சோதித்தது. லைசென்ஸ் ஆளைச் சோதித்தது. யார் 'தாங்குவான்' என்று நிறம் பார்த்து, நிலம் பார்த்து, சாதி பார்த்து முடிவு செய்தது.

5

இந்த வட்டாரத்தில் மிகப் பிரபலமான குழல் செங்கோட்டை வாஞ்சிநாதன் கையில் இருந்தது. 1911 ஜூன் 17, மணியாச்சி சந்திப்பு, கலெக்டர் ஆஷ். வாஞ்சி எடுத்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. வடிவமைத்தவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிறந்த ஜான் மோசஸ் பிரௌனிங். செய்தது 1889இல் தொடங்கிய ஆயுத ஆலை, லியேஜை ஒட்டிய எர்ஸ்டாலில். லியேஜ் வட்டாரத்துச் சோதனை முத்திரைகள்தான் அந்த ஆலைக் குழல்களிலும். என் தாத்தா சுமந்த வேட்டைத் துப்பாக்கியும் வாஞ்சி மறைத்துக்கொண்டு போன கைத்துப்பாக்கியும் அடுத்தடுத்த தெருக்காரர்கள் என்று சொல்லலாம்.

அந்த ஆலையின் பொருள் அந்த ஆண்டுகளில் உலகம் முழுக்க அரசியல் பேசியது. 1904இல் ஹெல்சிங்கியில் ரஷ்ய கவர்னர் ஜெனரல் போப்ரிகோவ், 1909இல் ஹார்பினில் ஜப்பானின் இதோ ஹிரோபுமி, 1914இல் சரயேவோ. 1909இல் லண்டனிலிருந்து சாவர்க்கர் 20 பிரௌனிங்குகளை ஒரு சமையல்காரரின் பெட்டியில் மறைத்து அனுப்பினார். அதில் ஒன்று அந்த டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்சனைக் கொன்றது. அந்தத் துப்பாக்கி வந்த வழியைப் பிடித்துக்கொண்டுதான் வழக்கு சாவர்க்கர் வரை போனது. 1914 ஆகஸ்டில் கல்கத்தா ராடா கம்பெனியின் 50 மௌசர் பிஸ்டல்கள் 46,000 தோட்டாக்களோடு திருடுபோயின. ஒவ்வொன்றின் எண்ணும் போலீஸுக்குத் தெரியும். சம்பவம் சம்பவமாக அந்த எண்களைத் தேடினார்கள். 1918இல் ரௌலட் கமிட்டி அறிக்கை எழுதியபோது 31தான் மீட்கப்பட்டிருந்தன. தரத்துக்காகக் குத்திய எண், வேவு பார்க்கும் எண்ணாயிற்று.

ஆனால் வாஞ்சியின் துப்பாக்கி பெல்ஜியம் என்று கண்டுபிடித்துவிட்டால் அந்தச் செயலின் பிறப்பிடம் தெரிந்துவிடுமா? அவர் சட்டைப்பையில் இருந்த கடிதம் சனாதன தர்மத்தின் பேரால் பேசுகிறது. மாட்டுக்கறி தின்னும் அந்நியன் முடிசூடுவதா என்று கேட்கிறது. அந்த மொழியில் என் தாத்தாவுக்கு இடம் எங்கே? வெள்ளையனை வெறுக்க அந்தக் கடிதம் தேர்ந்தெடுத்த காரணம், எங்கள் தெருவைத் தள்ளி வைக்கவும் அதே நாட்களில் பயன்பட்ட காரணம். இதைச் சொன்னால் வாஞ்சியின் துணிச்சலைச் சிறுமைப்படுத்துவதாகச் சண்டைக்கு வருவார்கள். இதையே பிடித்துக்கொண்டு ஆஷை ஒடுக்கப்பட்டோரின் காவலராக்கும் கதைகளும் உலவுகின்றன. இரண்டுமே பட்டியில் பொறித்த எழுத்துதான். மரத்தைக் கழற்றிப் பார்க்கத்தான் யாரும் தயாராக இல்லை.

6

அதே 1911இல் இன்னொரு முத்திரையும் வந்தது. குற்றப் பழங்குடிச் சட்டம் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. குறவர், மறவர், கள்ளர் என்று பிறப்பை வைத்தே பதிவேட்டில் ஏற்றினார்கள், விரல் ரேகை எடுத்தார்கள். குழலுக்கு அடியில் லியேஜ் முத்திரை. மனுசன் பேரில் போலீஸ் முத்திரை. குழலை வெடித்துப் பார்த்துவிட்டாவது குத்தினார்கள். மனுசனுக்கு அந்தச் சோதனைகூட இல்லை.

சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் நீங்கியது. ஆயுதச் சட்டம் 1959இல் புதிதாக எழுதப்பட்டு 1962இல் அமலானது. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் ஆயுதம் வைத்திருப்பது குடிமகனின் உரிமை என்று இருந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் காமத் அதைக் கொண்டுவந்தபோது அம்பேத்கர் எதிர்த்தார், தோற்றது. அவர் எதிர்த்தது சரி என்றே நினைக்கிறேன். ஊர்த்தெருவில் யார் கையில் துப்பாக்கி இருந்தது என்பது அவருக்குத் தெரியாததல்ல.

ஆனால் 1959 சட்டத்தின் எட்டாவது பிரிவைப் படியுங்கள். செய்தவர் பெயர், எண், அடையாளக் குறி இல்லாத துப்பாக்கி ஒருவர் கையில் அகப்பட்டால், மறுத்து நிரூபிக்கும்வரை அவரே அந்தக் குறியை அழித்தார் என்று கொள்ளப்படும். குறி இருந்தால் இரும்பு தன் வரலாற்றைச் சொல்லும். குறி இல்லையென்றால் வைத்திருப்பவன்தான் குற்றமற்றவன் என்று நிரூபிக்க வேண்டும். பட்டறையில் பிறந்த நாட்டு வெடிக்கு ஆரம்பத்திலேயே குறி கிடையாது. அதை வைத்திருந்தவர்கள் யார்? மலையடிவாரத்து ஏழை விவசாயி, நரிக்குறவர், வேட்டைக்காரர். பெரிய வீட்டு இரட்டைக்குழலுக்கு பிறப்புச் சான்றிதழ் உண்டு. பெல்ஜியத்தில் பிறந்துவிட்டு லண்டன் என்று சொல்லிக்கொண்டாலும் அது சட்டப்படியான பிறப்பு.

7

நம் பத்திரிகைகளின் கடைசிப் பக்கம் ஞாபகத்துக்கு வருகிறது. 1867ஆம் ஆண்டு அச்சுச் சட்டப்படி எந்த அச்சகத்தில் அடித்தது, யார் வெளியிட்டது என்று ஒவ்வொரு பிரதியிலும் போட வேண்டும். அதுவும் குழலுக்கு அடியில் இருக்கும் எழுத்துதான். யாரும் படிக்க மாட்டார்கள், போலீஸ் மட்டும் முதலில் அதைத்தான் பார்க்கும். அதிலிருந்து நழுவத்தான் எத்தனையோ சிறுபத்திரிகைகள் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று அச்சிட்டுக்கொண்டன. ஒருவகையில் நாமும் நாட்டு வெடிதான். அந்தச் சட்டத்தின் இடத்தில் 2024 மார்ச்சிலிருந்து புதிய சட்டம் நடக்கிறது. பதிவு கணினிக்கு மாறியிருக்கிறது, பதிவு மாறவில்லை.

ஒரு வேலை மட்டும் பாக்கி. 1972 வனவிலங்குச் சட்டத்தோடு வேட்டை முடிந்தது. தென்காசி வட்டாரத்தில் பழைய வீடுகளில் இருக்கும் இந்தத் துப்பாக்கிகளில் பலதும் இனி சுடப்போவதில்லை. வாரிசு ஒப்படைத்துவிட்டால், அதோடு அந்த எழுத்தும் போய்விடும். வீட்டுக்காரரைக் கேட்டு, தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குழலைத் திருப்பி முத்திரையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எண், எழுத்து, கிரீடம், பட்டியில் இருக்கும் கடைப்பெயர் எல்லாம். எந்த வருஷம் யார் பேரில் லைசென்ஸ் என்று கேட்டு எழுதுங்கள்.

அதோடு வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போய், அந்தத் துப்பாக்கியைச் சுமந்தது யார் என்றும் கேளுங்கள். அதற்கு எந்தக் குழலிலும் முத்திரை கிடையாது. கேட்டால்தான் உண்டு. எங்கள் தெருவில் கேட்பதற்கு இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள்.